உப்பு வயல் பிலோமினா

காயல் தீவான கடமக்குடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பிலோமினா நெற்கதிரை மட்டும் அறுத்துப் படகில் போட்டாள். வைக்கோலை வயலிலேயே விட்டுவிட்டாள். இடுக்கியில் மிளகுக்கு மூட்டை மூட்டையாக உரம் கொட்டுகிற தங்கை புருஷன் குரியாச்சன் அறுப்புக்கு உதவ வந்திருந்தான்; சும்மா இருப்பானா?

"வைக்கோலை அழுக விடறியே சேச்சி, புத்தி கெட்டுப்போச்சா?"

"வாயை மூடிட்டு வள்ளத்தைத் தள்ளுடா."

ஈஸ்டருக்கு அவன் மறுபடி வந்தபோது அதே வயலில் கடல்நீர் ஏறியிருந்தது. மதகில் வலையைக் கட்டி அவள் தண்ணீரை வெளியே திறந்துவிட்டாள். கடல்நீரோடு குஞ்சாக வந்து வளர்ந்த இறால் வலை முழுக்கத் துள்ளியது. அவன் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தான்.

"இதுங்களுக்கு என்ன தீனி போட்டே?"

"நீ திட்டினியே, அந்த வைக்கோல்தான்."

"அப்போ நெல்லுக்கு உரம்?"

"இதுங்க தின்னுட்டுக் கழிச்சதுதான்" என்று காலடிச் சேற்றை அள்ளி நீட்டினாள்.

குரியாச்சன் அதைப் பூசையில் நற்கருணை வாங்குவதுபோல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டான்.