அரிப்பில் நின்ற சிவப்புக் காருக்கு நான் சொன்ன விலை

1. போன வருடம் ஆவணியில், ஒரு ஞாயிறு பகல், அரிப்பு என்ற கடலோர ஊரில் ஒரு வீட்டு வளவில் ஏழு வருடமாக ஓடாமல் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போனேன்.
2. அதன் அடிப்பகுதி துருப்பிடித்து உக்கிவிட்டது என்று முடிவு செய்தேன்.
3. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன். அவர்களும் சம்மதித்தார்கள்.
4. ஒரு தேநீர் குடித்து முடிவதற்குள், நான் நினைத்தது பிழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விற்றவர்களுக்குத் தெரியாது.

ஐந்தாவதை எழுதுமுன் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நான் உயிலங்குளத்தில் வயல் வீட்டுப் பெண்பிள்ளை. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனம் படித்துவிட்டு, மன்னார் நகரில் ஒரு கராஜில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். அந்தக் கார் எனக்கு ஏன் வேண்டும் என்று கொப்பியில் ஆறு காரணங்கள் எழுதியிருந்தேன். உண்மையான காரணம் ஒன்றுதான். கல்லூரியில் நாங்கள் கழற்றிப் பூட்டிப் பழகியது அதே வகை எஞ்சின். எத்தனையோ தடவை கழற்றினோம். ஒரு நாளும் அது ஓடவில்லை, ஏனென்றால் அதைச் சுற்றி ஒரு கார் இருக்கவில்லை. அந்தச் சத்தத்தை ஒரு தடவையாவது என் கையால் ஓடவிட்டுக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

கையில் இருந்தது பன்னிரண்டு இலட்சம். அவர்கள் கேட்டது பதினான்கு. வாங்கிய பிறகு ரோட்டில் இறக்க இரண்டரை, மூன்று இலட்சமாவது வேண்டும். ஆகவே ஒன்பதுக்கு மேல் போவதில்லை என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டு அண்ணாவுடன் மோட்டார் சைக்கிளில் போனேன்.

வீட்டுக்கார அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கோவிலுக்குப் போய்வந்த சேலையை மாற்றாமலே, கார் நின்ற கிடுகு ஓலைக் கொட்டிலின் படலையைத் திறந்துவிட்டார். கார், வெளிநாடு போன அவர் தம்பியுடையது. தம்பி பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பி, விற்ற காசை அக்காவையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

"ஆர் பிள்ளை பாக்கப்போறது? அண்ணாவோ?"

"நான்தான் அக்கா."

"நல்லது. போன கிழமை வந்த ஆம்பிளையள் காரோட நிண்டு படம் எடுத்துக்கொண்டு போயிட்டினம்."

சிவப்பு நிறம் வெளுத்து, செங்கல் தூள் மாதிரி இருந்தது. பின் இருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது. நான்கு ரயரும் வெடித்திருந்தன, பிரேக் இறுகியிருந்தது, வயர்களை எலி தின்றிருந்தது. ஒவ்வொன்றாக எழுதி விலை போட்டேன். கடைசியாக ஜாக் போட்டுத் தூக்கி, கட்டை வைத்து, சாக்கை விரித்துக் கீழே போய் டோர்ச் அடித்தேன்.

அடிப்பகுதி முழுக்க விரற்கடை அளவுக்குக் கறுப்பாக, தார் போல அப்பியிருந்தது. விற்கிறவர்கள் இரும்பின் துருக் கறளை மறைக்கத் தார் பூசுவது எங்கள் தொழிலில் பழைய கள்ளம். அப்படி வந்த வாகனங்களில் தட்டினால் விரல் உள்ளே போய்விடும். குத்திப் பார்க்க ஸ்குரூ டிரைவர் பையில் இருந்தது. ஆனால் கீழே அடித்த கடும் நாற்றத்தில் அதிக நேரம் படுத்திருக்க முடியவில்லை. பதிலும் எனக்கு முதலே தெரியும் என்று நினைத்தேன். வெளியே வந்துவிட்டேன்.

"அக்கா, கீழே தார் பூசினது ஆர்?"

"தாரோ? இஞ்ச ஒருத்தரும் தார் பூசேல்லை."

அதைப் பொய் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு என் குரல் இறங்கவேயில்லை. அடியில் இரும்பே இல்லை, ஓடும்போது இருக்கையோடு ரோட்டில் விழலாம், வெட்டி ஒட்ட மட்டும் மூன்று இலட்சம் போகும் என்று கொப்பியைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். ஒன்பது என்றேன். அக்கா பத்தரை என்றார். பிறகு பத்து. நான் ஒன்பதிலேயே நின்றேன்.

அவர் கடற்கரைப் பக்கம் திரும்பி, வேலிக்கு மேலால் கணவரைக் கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ, ஒன்பதாம். அப்ப வள்ளத்துக்குப் புதுசு வாங்கேலாது, பழைய எஞ்சின்தான்."

"பழசும் கடலுக்குப் போகும். குடுத்துவிடு," என்று பதில் வந்தது.

ஒரு தாளில் விலையை எழுதினோம். நானும் அவரும் கையெழுத்து வைத்தோம். முற்பணம் கொடுத்தேன். அண்ணா என் முதுகில் மெதுவாகத் தட்டினார்.

தேநீருடன் வேலிக்கு அப்பால் போனோம். அக்காவின் கணவர் கவிழ்த்து வைத்த மரவள்ளத்துக்குத் துணிப் பந்தால் எதையோ பூசிக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. கோப்பை என் கையில் அப்படியே நின்றது. அதே நாற்றம்.

"இது என்ன அண்ணை?"

"சுறா எண்ணெய். மரம் உளுக்காது, உப்பு ஏறாது. வயல்காரருக்கு இது மணக்காதோ?" என்று சிரித்தார்.

அக்காவிடம் திரும்பினேன். "காருக்கும் இதைப் பூசினனீங்களோ?"

"பின்னே? தம்பி காரைப் பாத்துக்கொள்ளச் சொன்னவன். எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? வள்ளத்துக்குப் பூசேக்க மிச்சத்தைக் கொண்டுபோய், கீழ படுத்துக்கிடந்து அதுக்கும் பூசிவிடுவன். வருசத்துக்கு ரெண்டு தரம்."

"நான் கேட்டபோது சொல்லேல்லையே?"

"நீர் தார் எண்டெல்லோ கேட்டனீர்! எண்ணெயைப் பற்றி ஆர் கேட்டது?"

மறுபடி சாக்கை விரித்தேன். இந்த முறை சுரண்டினேன். எண்ணெயும் புழுதியும் ஏழு வருடமாக இறுகிய தோல் பாளம் பாளமாகக் கழன்றது. அதற்குக் கீழே தொழிற்சாலையில் அடித்த சாம்பல் நிறப் பூச்சு அப்படியே இருந்தது. எட்டு இடத்தில் குத்தினேன். எட்டு இடத்திலும் இரும்பு கணீரென்றது. கடற்கரையில் நின்ற காரில் இப்படியொரு அடிப்பகுதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணா குனிந்து பார்த்தார். புரிந்துவிட்டது. "எடி, கையெழுத்து வைச்சாச்சு. வாயைத் திறக்காமல் வா. நீ ஒண்டும் களவெடுக்கேல்லை," என்றார் மெதுவாக.

அவர் சொன்னதில் பிழையில்லை. மூன்று இலட்சம் இருந்தால் கார் மூன்று மாதத்தில் ஓடும். இல்லாவிட்டால் எப்போது என்று தெரியாது. ஆனால் அந்த மூன்று இலட்சத்தை நான் பேரம் பேசிக் குறைக்கவில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லிக் குறைத்திருந்தேன். படித்தவள் சொல்கிறாள் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். வெளியே வந்து கொப்பியைத் திறந்து 'அடிப்பகுதி' என்ற வரியை வெட்டினேன்.

5. விலையை நானே கூட்டினேன்.

"அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். கீழ கறள் இல்லை. உங்கட எண்ணெய் காப்பாத்தியிருக்கு. பன்னிரண்டு தாறன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அண்ணாவைக் கேட்டார்: "வெயில் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"அவள் எப்பவும் இப்பிடித்தான் அக்கா," என்றார் அண்ணா, கடுப்புடன்.

நான் விளக்கி முடித்ததும் அக்கா நன்றி சொல்லவில்லை, கண்ணும் கலங்கவில்லை. "அப்ப பதின்மூண்டாக்கும்?" என்றார்.

"இல்லை அக்கா, பன்னிரண்டு. ரயரும் பிரேக்கும் வயரும் உண்மையாகவே போயிட்டுது. வாங்கோ, காட்டுறன்."

கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினேன். எலி தின்ற வயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி, பன்னிரண்டு," என்றார். பழைய தாளைக் கிழித்துப் புதிது எழுதினோம். வேலிக்கு மேலால் அவர் மறுபடி கூப்பிட்டார்: "இஞ்சேருங்கோ, புது எஞ்சின்!" திரும்பி என்னிடம், "முட்டைக்குக் காசு வேண்டாம், கொண்டுபோம்," என்றார்.

வழி நெடுக அண்ணா பள்ளம் பார்க்காமல் ஓட்டினார். உயிலங்குளத்துக்குக் கிட்ட வந்த பிறகு, "முட்டை உடைஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு கார் எங்கள் வளவில் எட்டு மாதம் கட்டையில் நின்றது. கராஜில் வேலை முடிந்ததும் முதலாளியின் அனுமதியோடு ஒவ்வொரு பாகமாகக் கொண்டுபோய்த் திருத்தினேன். சம்பளத்தில் மாதம் ஒரு சாமான் வாங்கினேன். அந்த நாட்களில் மூன்று இலட்சத்தை நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். மன்னார்ப் பாலம் வழியாகப் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதெல்லாம் நினைத்தேன். ஆனால் ஒரு தடவையும் அந்த வரியை மறுபடி எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது எந்த வாகனத்துக்குக் கீழே போனாலும் முதலில் சுரண்டுகிறேன், பிறகுதான் எழுதுகிறேன். தெரியும் என்று நினைக்கும் இடத்தில் இன்னும் கூடுதலாகச் சுரண்டுகிறேன்.

சித்திரையில் எஞ்சின் முதல் தடவை ஓடியது. இப்போது கார் ஓடுகிறது. முன் ரயர் இரண்டும் இன்னும் கடன் வாங்கியவை, நிறம் இன்னும் செங்கல் தூள்தான். அடியில் ஓரிடத்திலும் கறள் இல்லை. வெயில் ஏறினால் சுறா எண்ணெய் நாற்றம் உள்ளே வருகிறது. அந்த எண்ணெயை நான் கழுவவில்லை.