போகாத நுவரெலியாப் பயணம்

போகாத ஊருக்குப் போய்வந்ததாக அச்சில் எழுதியவன் நான். அதுவும் லண்டன், பாரிஸ் அல்ல. அட்டனில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய் இறங்கக்கூடிய நுவரெலியா.

பொய் சொல்லும் நோக்கம் இருக்கவில்லை. ஒரு சஞ்சிகை டிசம்பர் இதழுக்கு ‘என் வருடம்’ என்று கட்டுரை கேட்டது. எழுதுகிறவன் எங்கே போனான், என்ன வேலை பார்த்தான், எப்படிப் பொழுதைப் போக்கினான் என்று அறிய வாசகர்கள் துடிப்பதாக ஆசிரியர் நம்பினார். நானும் நம்பினேன். யாழ்ப்பாணத்தில் பேசிய இலக்கியக் கூட்டம் (ஒலிபெருக்கிக்காரர் உட்படப் பதினொரு பேர்), சென்னையில் புத்தகம் வாங்கிப் பெட்டி எடை கூடி, விமான நிலையத்தில் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் திருத்திய விடைத்தாள்கள், ஆகஸ்ட் விடுமுறையில் தடித்த நாவலொன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கியது, எல்லாம் எழுதினேன். ஆனாலும் முடிவு சப்பென்று இருந்தது.

கட்டுரையை அக்டோபரிலேயே கொடுக்க வேண்டும். நவம்பரில் அக்காவைக் கண் சத்திரசிகிச்சைக்கு நுவரெலியாவுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நாள் குறித்த துண்டுச்சீட்டு கையில் இருந்தது. நடக்கத்தானே போகிறது என்று, நடந்ததாகவே எழுதி முடித்தேன். பனியில் அக்காவின் கையைப் பிடித்து நடந்தது, கண்கட்டை அவிழ்த்ததும் அவள் முதலில் என் நரையைப் பார்த்துச் சிரித்தது, திரும்பும் வழியில் அவளுக்கு ஸ்ட்ரோபெரி வாங்கிக் கொடுத்தது. அந்தப் பத்தியை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

நவம்பரில் அதே நாளில் கொழும்பில் ஒரு புத்தக வெளியீடு. தலைமை தாங்க ஆளில்லையாம். அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, வேற நாள் எடுத்துக்குவோமா?”

“எடுத்துக்கலாம் தம்பி. மூணு வருசமா மங்கலாத்தான இருக்கு. ரெண்டு வாரத்துல என்ன ஆயிறப் போகுது? நீ போயிட்டு வா.”

வேறு நாள் பெப்ரவரியில்தான் கிடைத்தது.

மச்சான் போனபிறகு அக்கா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தனியாக இருக்கிறாள். கொழுந்து பறிப்பவள். கண் மங்கினால் கொழுந்தோடு முற்றலும் கூடைக்குள் விழும். நிறுக்கும் இடத்தில் கொட்டிப் பார்த்து அதைக் கழித்துவிடுவார்கள். கழித்தது போக அன்றைய நிறை வராவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், கிடையாது. நாளெல்லாம் மழையில் நின்றவள் அரை நாள் வேலை செய்ததாக அரைப்பேர் போடுவார்கள். அக்கா இதையெல்லாம் போனில் சொன்னதில்லை.

பொங்கலுக்குப் போனேன். டிவிக்கு மேல் அந்தச் சஞ்சிகை கிடந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒங்க கட்டுரைய நான்தான் சேர் அக்காவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதாப் போட்டிருக்கீங்களே, எப்ப போனீங்க? நான் அன்னைக்கு மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு இருந்தனோ?”

நான் பானையைப் பார்த்தேன்.

“போன வாரம் முழுக்க அக்காவுக்கு அரைப்பேரு. ஆப்பரேசன் பண்ணுன கண்ணு இப்படியா முத்தலப் பறிக்கும்னு கங்காணி கேக்குறாரு. அவரும் வாசிச்சிருக்காரு.”

“சும்மா இரு புள்ள,” என்றாள் அக்கா, அடுப்பிலிருந்து திரும்பாமலே. “எழுதுறவங்க முன்னப்பின்னதான் எழுதுவாங்க.”

அன்று எனக்கு வைத்த பொங்கலைத் தின்று முடிக்கவில்லை.

பெப்ரவரியில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினோம். அங்கே ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நான் தேவைப்பட்டது சிங்களத்துக்காக. வைத்தியர் இரண்டு கண்களையும் நெடுநேரம் பார்த்தார். வலது கண்ணைச் சரிசெய்யலாம் என்றார். இடது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, அண்மையில்தான் ஏறியிருக்கிறது, குறித்த நாளிலேயே வந்திருந்தால் என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

“என்ன தம்பி சொல்றாரு?”

எதை மொழிபெயர்த்தாலும் சொந்தச் சரக்கைக் கொஞ்சம் சேர்க்கிறவன் நான். அன்று சேர்க்கவில்லை.

“எடது கண்ணு இனி சரியா வராதாம்க்கா. நவம்பர்லயே வந்திருக்கணுமாம்.”

அக்கா முந்தானையால் இடது கண்ணை ஒருமுறை ஒற்றிக்கொண்டாள்.

“சரி. இருக்குற கண்ணப் பாக்கச் சொல்லு.”

அன்றே வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து, மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். அவள் என் நரையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றாள். பஸ்ஸில் நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் ஏதாவது சொல்ல ஒவ்வொரு முறையும் அவள் தலையை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. நானு ஓயா தாண்டியதும் இடம் மாறிக்கொண்டேன். தலவாக்கலை வரும்போது ஜன்னல் பக்கம் காட்டினாள்.

“இந்த மலையில பாரு, கொழுந்து முத்திப்போய் நிக்குது. பறிக்க ஆளில்ல போல.”

ஒரு மாதம் கழித்துப் போனபோது அக்கா வாசல் வெளிச்சத்தில் அந்தச் சஞ்சிகையை வலப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து, பரீட்சை எழுதியவன்போலக் காத்திருந்தேன். கடைசிப் பத்தியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மடித்து மடியில் வைத்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. ஆனா முழுப்பேரு போட மாட்டேன். ஸ்ட்ரோபெரி வாங்கிக் குடுத்ததா எழுதியிருக்க. அது இன்னும் வந்து சேரல.”