மூன்று தட்டு

நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கெஞ்சப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது என் வீட்டில் வாயைத் திறந்தால் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழுந்துவிடுகிற ஆள் நான். முப்பது வருடமாகத் தகரம் தட்டிப் பிழைக்கிறேன், யாழ்ப்பாணம் விட்டு வந்த இந்த நாட்டில், டார்னெய்ட் என்கிற புறநகரில் வீடு, பக்கத்தில் சொந்தமாக ஒரு டிங்கரிங் கராஜ். நெளிந்த தகடு பொய் சொல்லாது, எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். இது பெருமைக்குச் சொல்வதில்லை, பிறகு தேவைப்படும்.

கோடைக்காலச் சனிக்கிழமைகளில் நான் ஸ்பீட்வேயில் பந்தயக் கார் ஓட்டுகிறவன். மேற்கே வீடுகள் முடிந்து வெறும் புல் தொடங்குகிற இடத்தில் ஒரு களிமண் வட்டம், சுற்றிவரக் கொங்கிரீட் சுவர், அதற்குமேல் கம்பிவலை. பழைய காரின் உள்ளே இருக்கிற அத்தனையையும் பிடுங்கி எறிந்து, இரும்புக் குழாயில் கூண்டு வைத்து, ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஓர் இருக்கை. இடது பக்கம் வெறும் தகரமும் காற்றும். எங்கள் ஆட்கள் அங்கே அதிகம் வருவதில்லை. நானும் செல்வனும்தான். செல்வன் என் மனைவி தேவியின் அண்ணன், எனக்கு மச்சான்.

செல்வனுக்கு ஒரு முறை இருந்தது. பந்தயத்துக்கு முன் குனிந்து என் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பான். சரியென்றால் காரின் கூரையில் இரண்டு தட்டு, போ. சரியில்லையென்றால் மூன்று, இறங்கு. இருபது இன்ஜின் உறுமுகிற இடத்தில் வேறெந்தப் பாஷையும் எடுபடாது. அவன் விரலில் கல்யாண மோதிரம், அதனால் அந்தத் தட்டு கூராக விழும், தகரத்தைத் தாண்டி ஹெல்மெட்டைத் தாண்டி என் பல்லில் விழும். பதினொரு வருடம் அப்படித்தான்.

போன சீசனில் அவனைக் கொன்றார்கள். விபத்து என்று விசாரணையில் எழுதினார்கள், நான் கொன்றார்கள் என்றுதான் சொல்வேன். பிரெட் என்று ஒருவன், பந்தயத்தில் யாரோ தன்னை இடித்துவிட்ட ஆத்திரத்தில், கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கிற முற்றத்துக்குள் பறந்து வந்தான், நடக்கிற வேகத்தில் வர வேண்டிய இடம் அது. செல்வன் குந்தியிருந்து என் முன்சக்கரத்து நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், கண் திறக்கவில்லை. பிரெட்டுக்குச் சில மாதத் தடை, அவ்வளவுதான். கேரம் டவுன்ஸ் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றிய அன்று, செல்வன் இனி ஆறுதலாகப் போயிருப்பார் என்றார் ஐயர். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த விளக்கை ஊதி அணைத்திருப்பேன்.

தடை முடிந்து பிரெட் திரும்பி வந்த முதல் சனிக்கிழமைதான் நான் சொல்ல வந்த இரவு. அந்த வாரம் என் காருக்குப் புதிய கூரைத் தகடு போட்டிருந்தேன், கண்ணாடி மாதிரி, ஒரு கீறல் இல்லை. பிரெட் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினான்.

"ஸாரி அபௌட் யுவர் ஃபெல்லா, மேட்."

உன் ஆள். பெயர்கூடத் தெரியாது. நான் கையைக் கொடுக்கவில்லை.

ஒருநாளும் ஸ்பீட்வே பக்கம் வராத தேவி அன்று வந்திருந்தாள். சக்கரத்து நட்டை இறுக்கிக்கொண்டிருந்த என் எண்ணத்தை மணந்து பிடித்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் அவனை இடிக்கத்தானே போறியள்?"

"ஓம்."

"இடிச்சா அண்ணா எழும்பி வருவாரோ?"

"வராட்டிப் போகட்டும்."

"சக்கரத்து நட்டை விடுங்கோ, முதல்ல உங்கட மண்டைக்குள்ள இருக்கிற நட்டை இறுக்குங்கோ." பிறகு குரல் தணிந்தது. "பெல்ட்டைப் பாத்து நான் தட்டிவிடட்டே? ரெண்டு தட்டுத்தானே."

"அந்தக் கூரையில ஒருத்தற்ற கையும் படக்கூடாது!"

கத்திவிட்டேன். செல்வனுடைய தங்கச்சியிடம். அவள் பார்வையாளர் பக்கம் ஏறிப் போனாள்.

கார்கள் வரிசையில் நின்றபிறகு, களிமண் காய்ந்துவிட்டதென்று தண்ணீர் லொறியை விட்டார்கள். காத்திருக்கக் காத்திருக்க எனக்கு உடம்பு கொதித்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஜன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி, முன்னால் நின்ற பிரெட்டைத் தூஷணத்தில் திட்டினேன், யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த அத்தனையும். அவன் வாழ்த்துகிறேன் என்று நினைத்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். நம்புங்கள், இதுவும் நடந்தது. அதற்குள் கொடி அசைந்தது. உள்ளே விழுந்து, பெல்ட் பட்டிகளைத் தோளில் இழுத்துவிட்டு, கிளம்பிவிட்டேன்.

எட்டாவது சுற்று. விளக்குகளின் கீழே சேறு கறுப்பு மழையாகப் பறக்கிறது. பிரெட் எனக்கு ஒரு முழம் முன்னால், சுவர்ப் பக்கமாக. அவன் பின்சக்கரத்துக்குக் கிட்ட என் காரின் மூக்கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும், மிச்சத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கிவிட்டேன். தொடங்கிவிட்டேன், விளங்குகிறதா?

டக். டக். டக்.

கல்லோ களிமண்ணோ இல்லை. அவை எட்டுச் சுற்றாகக் கூரையில் கொட்டிக்கொண்டுதான் இருந்தன, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இது அளந்து வைத்த மூன்று. கூர். பல்லில் விழுந்தது.

நான் யோசிக்கவில்லை, என் கால் யோசித்தது. பதினொரு வருடப் பழக்கம், பெடலை விட்டு எழும்பிவிட்டது. பிரெட் முன்னே போய்விட்டான். என் கார் சறுக்கி உள்வட்டத்துப் புல்லில் போய் நின்றது. அழுதேனோ திட்டினேனோ தெரியாது. இறங்குவதற்காகப் பெல்ட்டின் பூட்டில் கையை வைத்தால், திறப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. பூட்டவே இல்லை. பட்டிகள் இரண்டும் மாலை மாதிரிச் சும்மா தோளில் கிடந்தன. அந்த வேகத்தில் இடித்திருந்தால் பிரெட்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது, என் தலை எந்தக் குழாயில் போய்ச் சிதறியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிரெட்தான் வென்றான். கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டினான்.

"நீ தட்டினனியோ?" என்று, காரடிக்கு இறங்கி வந்த தேவியிடம் கேட்டேன். பந்தயம் முழுக்கக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம், நூறு அடிக்கு அப்பால் இருந்தவளிடம். அவள் என்னைப் பார்த்தாள், தொங்கிய பெல்ட்டைப் பார்த்தாள். "என்ன தட்டினது?" என்றாள். பிறகு வாய் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் பட்டப்பகலில், கராஜில், தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவினேன். புதிய கூரையில் மூன்று நெளிவு. சிறியவை, மோதிர அளவு, வரிசையாக. இடது பக்கத்தில், இருக்கை இல்லாத பாதிக்கு மேலே. விரலை வைத்துத் தடவினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினேன். குழி இல்லை. மேடு. வெளியிலிருந்து விழுந்த அடி என்றால் குழி விழும். இது உள்ளேயிருந்து தட்டினது. கூண்டைத் தாண்டி அங்கே என் கை எட்டாது, நீட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவும் கழன்றிருக்கவும் இல்லை.

நீங்கள் ஏதாவது காரணம் சொல்வீர்கள், சொல்லுங்கள். எனக்கு வேறு ஒன்றுதான் கேட்க இருக்கிறது, அதை உங்களிடம் கேட்க முடியாது. என்னைக் காப்பாற்றினாயா மச்சான், அவனைக் காப்பாற்றினாயா? என்னையென்றால் சரி. அவனையென்றால், உன் பெயர்கூடத் தெரியாதவனையென்றால், உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.

அந்த நெளிவுகளைத் தட்டி எடுக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். எடுக்கவில்லை. பிரெட் இன்னும் ஓட்டுகிறான், நானும் ஓட்டுகிறேன். இப்போது தேவிதான் வந்து பெல்ட்டை மூச்சு முட்ட இழுத்துப் பூட்டுகிறாள், கூரையில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். பின்னால் நிற்கிறவர்கள் இன்ஜினை உறுமவிடுவார்கள். நான் உடனே கிளம்புவதில்லை. பிரெட்டின் காரைப் பார்த்தபடி, இடது பக்கம் திரும்பாமல், மூன்றாவது தட்டு உள்ளேயிருந்து வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.