சாடியில் இருந்த மழை

குழந்தைகளுக்காக என் மனைவி எழுதிய இயற்கை நூலை மறுபதிப்புச் செய்யும் அச்சகத்தார், மழையைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தை நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். "காலையில் சாடியில் இருந்தது இவ்வளவு, பெய்தது எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது" என்பது அவ்வாக்கியம். அது சிறுவர்களைக் குழப்பும் என்பது அவர்கள் கருத்து. அவளிடம் கேட்டுச் சொல்ல இயலாது. சென்ற தை மாதம் அவள் காலமானாள். அந்த வாக்கியம் அவளுடையதன்று என்பதை அறிந்தவன் இப்போது நான் ஒருவனே.

போருக்கு முந்தைய ஆண்டுகளில் நான் சேலத்தில் ஒரு பள்ளியில் பௌதிகம் கற்பித்து வந்தேன். நெஞ்சுக் கோளாறு காரணமாக நீண்ட ஓய்வு வேண்டுமென்று வைத்தியர் சொல்லிவிடவே, வெண்ணந்தூரில் பூட்டிக் கிடந்த உறவினர் வீட்டில் இருவரும் போய்க் குடியேறினோம். அவளுக்கு அது வசதியாயிற்று. நூலின் மற்ற அத்தியாயங்கள் முடிந்திருந்தன. மழை ஒன்றே பாக்கி. எந்த அத்தியாயத்தையும், அதில் சொன்னதைக் குழந்தைகள் தம் கையால் செய்து தம் கண்ணால் பார்க்கும்வரை அச்சுக்கு அனுப்புவதில்லை என்று அவள் ஒரு விதி வைத்திருந்தாள். மழை அத்தியாயம் தேறாவிட்டால் நூலே வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்யக்கூடியவள்.

அந்த ஊரில் பலருக்குத் தறியும் உண்டு, வானம் பார்த்த நிலமும் உண்டு. அவ்வாண்டு ஆடியில் விதைத்த சோளம் முழங்கால் உயரத்தில் கருகி நின்றது. நிலத்தீர்வையில் தள்ளுபடி கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அதிகாரி எப்போது வருவார் என்று தெரியாது; அதற்குள் மழை பெய்ததாகக் கணக்கு ஏறினால் தள்ளுபடி போய்விடும் என்ற அச்சம் இருந்தது. அந்த நேரத்தில் பட்டணத்திலிருந்து வந்த ஒருவன், வேலை ஏதும் செய்யாமல், வீட்டுக்கு எதிரே வெட்டவெளியில் ஒரு கண்ணாடிச் சாடியை நட்டுவைத்து, அதன் வாயில் ஒரு புனலைப் பொருத்தி, நூலால் கட்டிவைத்தால் ஊர் என்ன நினைக்கும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'மழைக்காரர்'.

சாடியைக் கவனிக்கும் பொறுப்பு நான்கைந்து குழந்தைகளுடையது. அவர்களில் எங்கள் தெருக்கோடி நெசவாளியின் மகள்தான் முந்திக்கொள்வாள். பத்து வயதிருக்கும். எதைச் சொன்னாலும் "ஏனுங்க?" என்பாள், பதில் பிடிக்காவிட்டால் இன்னொரு முறை "ஏனுங்க?" என்பாள். என் மனைவிக்கு அவளிடம் இருந்த பிரியத்தை நான் சற்றுத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவளுடைய தந்தை தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, இந்தச் சாடி எதுக்குங்க?"

"மழையை அளப்பதற்கு."

"அளந்து?"

"குழந்தைகள் தெரிந்துகொள்வார்கள்."

"பேஞ்சா நனையறதுங்க, பேயாட்டிக் காயறதுங்க. இதுல தெரிஞ்சுக்க என்னங்க இருக்குது?" அவர் சாடியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். "சர்க்காருக்கு எழுதிப் போடறீங்கன்னு பேசிக்கறாங்க."

"இல்லை."

"நானும் இல்லைன்னுதானுங்க சொன்னேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. நான் எழுதிப் போடவில்லை என்பதை அவரும் நம்பவில்லை. இருவரும் மரியாதையாகப் பிரிந்தோம்.

ஐப்பசியில் மழை வந்தது. கருகிய பயிருக்கு எந்தப் பயனுமில்லாத மழை. ஆனால் பலத்த மழை. காலையில் எங்கள் முற்றத்தில் இருந்த அண்டா நிரம்பி வழிந்திருந்தது. சாடியிலோ அடி நனையும் அளவுக்கு மேல் தண்ணீர் இல்லை. குழந்தைகள் சாடியைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காக்கா குடிச்சிருக்கும்" என்றான் ஒருவன்.

"உங்க ஊட்டுக் காக்காவாக்கும். புனலக் கழட்டிட்டுக் குடிச்சுப்போட்டு, மறுபடி மாட்டி வெச்சுருக்குது" என்றாள் அந்தப் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. புனலைச் சாடியோடு சேர்த்து அவள் வெள்ளை நூலால் கட்டியிருந்தாள், இரண்டு சுருக்குப் போட்ட சாதாரணக் கட்டு. இப்போது அங்கே இருந்தது அரக்கு நிற நூல். கட்டும் வேறு: சின்னஞ்சிறியது, முனை நீளாதது, கையால் தடவினால் தட்டுப்படாதது. தறியில் இழை அறுந்தால் நெசவாளர்கள் இணைக்கும் முடிச்சு அது. இருட்டில் சாடியைக் கவிழ்த்த கை, திரும்பக் கட்டும்போது தன் பழக்கத்தை மறைக்க மறந்துவிட்டது. அந்த முடிச்சை எந்த நெசவாளியும் யோசித்துப் போடுவதில்லை.

அந்தப் பெண் முடிச்சைப் பார்த்தாள். பார்க்க வேண்டிய நேரத்தைக் காட்டிலும் சற்று அதிகமாகவே பார்த்தாள். பிறகு, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அன்று மாலை உலாவப் போகிறவன்போல் தெரு முழுவதும் நடந்தேன். திறந்த கதவுகளின் வழியே ஒவ்வொரு தறியாகப் பார்த்தேன். பார்க்கப்படுகிறேன் என்பதும் தெரிந்தது. நான் நெருங்கும்போது பேச்சு நின்றது, கடந்ததும் தொடர்ந்தது. அரக்கு நூல் ஓடிக்கொண்டிருந்த தறிகள் இரண்டு. அவற்றில் ஒன்று அந்தப் பெண்ணின் வீட்டில்.

"அவளைக் கேட்டால் தெரிந்துவிடும்" என்றேன் மனைவியிடம்.

"எதைக் கேட்பீங்க?"

"யார் கவிழ்த்தது என்று."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அப்பனைக் காட்டிக் கொடுன்னு ஒரு குழந்தைகிட்டக் கேக்கறதுக்கா இந்தப் புஸ்தகம்? கேட்டீங்கன்னா நாளைக்கே இதை அடுப்புல போட்டுடறேன்."

"அப்படியானால் அத்தியாயம்?"

"அதுதான் எனக்கும் தெரியலைங்க" என்றாள். அன்றிரவு அவள் ஒரு வரியும் எழுதவில்லை.

மறுமுறை மழை பெய்தது. சாடியில் மீண்டும் அடி நனையும் அளவே தண்ணீர். முடிச்சு மீண்டும் புதிது. குழந்தைகள் தண்ணீர் நின்ற இடத்தில் கரிக்கோடு போட்டுவிட்டுக் கலைந்தார்கள். அப்போது பாதிக் குழந்தைகளே வந்துகொண்டிருந்தார்கள். வராதவர்களை அவர்கள் வீட்டார் நிறுத்தியிருக்க வேண்டும்.

அன்று முற்பகலில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஊர் கூடியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த நெசவாளி வந்தார். இரு கைகளிலும் எங்கள் சாடியை ஏந்திக்கொண்டு வந்தார்.

"பாருங்க சாமி. மழ பேஞ்சுதுன்னு சொல்றாங்களே, இவ்வளவுதானுங்க பேஞ்சுது. நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. இது படிச்சவங்க வெச்ச சாடி."

எந்தச் சாடி தங்களைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று இத்தனை நாளாக அஞ்சினார்களோ, அதையே இப்போது சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சாடியைப் பார்த்தார். வழியெல்லாம் சேறு அப்பியிருந்த தம் காலணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கள்தானே இதை அளப்பவர்? சரியான அளவுதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "அளந்தது குழந்தைகள். அவங்களைக் கேளுங்க."

அவள் அதை ஏன் செய்தாள் என்று அந்தக் கணத்தில் எனக்கு விளங்கவில்லை; என்னைப் பேசவிடக் கூடாது என்றுதான் என்று பிறகு தோன்றியது. கேட்கக் கூடாது என்று என்னைத் தடுத்தவள் அவள். குழந்தைகள் என்று அங்கே நின்றதோ அந்தப் பெண் ஒருத்தி. இன்ஸ்பெக்டர் அவளைக் கைகாட்டி அழைத்தார். அவள் தந்தையின் முகத்தில் இரத்தமில்லை.

"சொல்லு சாமி" என்றார் அவர் மகளிடம், மிகத் தாழ்ந்த குரலில்.

என் மனைவியின் கை முந்தானை நுனியை இறுகப் பற்றியிருந்தது. குழந்தை பொய் சொன்னால் புத்தகம் அடுப்புக்குப் போகும். மெய் சொன்னால் அதைவிட மோசம்.

"காத்தால பாக்கறப்போ சாடில இருந்தது இவ்வளவுதானுங்க" என்று கரிக்கோட்டைத் தொட்டுக் காட்டினாள் அவள். "பேஞ்சுது எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க."

"இரண்டும் ஒன்றுதானே அம்மா?"

"இல்லீங்க. சாடி வெளீல இருந்துச்சு. நாங்க ஊட்டுக்குள்ள தூங்கிட்டு இருந்தமுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "சாடியைக் கொண்டுபோய் வையப்பா. மழைக் கணக்குத் தாலுகா கச்சேரியில் இருக்கிறது. நான் பார்க்க வந்தது சோளத்தை. நிலத்தைக் காட்டு" என்று சொல்லி வரப்பில் இறங்கி நடந்தார். கருகிய சோளத்தட்டைகளை அவர் ஒடித்துப் பார்ப்பது தூரத்திலிருந்து தெரிந்தது. அதற்குச் சாடி எதுவும் தேவைப்படவில்லை.

என் மனைவி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். விளக்கு வைப்பதற்குள் அத்தியாயம் முடிந்திருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணின் வாக்கியத்தை எழுத்து நடைக்கு மாற்றி வைத்திருந்தாள். "பார்த்ததையும் பார்க்காததையும் பிரிச்சுச் சொல்லிட்டா. இதுக்கு மேல நான் என்ன கத்துக்கொடுக்கிறது?" என்றாள்.

"அப்பனைக் காப்பாற்றினாள். கெட்டிக்காரத்தனம். அதற்கு மேல் ஒன்றுமில்லை" என்றேன் நான்.

அடுத்த மழைக்குச் சாடி நிரம்பியிருந்தது. ஆனால் கட்டியிருந்தது அரக்கு நூல். முடிச்சும் அதே நெசவு முடிச்சு. நான் அதைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்ட அந்தப் பெண், "நேத்துச் சாயங்காலம் நாந்தானுங்க கட்டுனேன். உங்க ஊட்டு அம்மா போடற முடிச்சு காத்துக்கு அவுந்துருமுங்க" என்றாள்.

அதன்பின் எனக்கு இன்னொரு ஐயமும் வந்தது. அந்த முடிச்சு அவள் கைக்கும் வரும் என்றால், முதல் இரு முறை கவிழ்த்தது எந்தக் கை? இதை மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காப்பி கொடுக்கும்வரை என்னிடம் பேசவில்லை.

பின்னாளில், எங்களுக்குள் வேறு பேச்சு இல்லாத மாலைகளில், இதை எடுத்து வாதிட்டிருக்கிறோம். அவள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடவில்லை. இன்றும் என் ஐயம் தீரவில்லை; ஆனால் மறுத்துப் பேச ஆளில்லாத அறையில் அதைச் சொல்லிப் பார்த்தபோது என் காதுக்கே அது நன்றாகப் படவில்லை.

வாக்கியம் இருந்தபடியே இருக்கட்டும் என்று அச்சகத்துக்கு எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை.