எலும்புப் படம் போட்ட காலண்டர்

மற்ற ஊர்களுக்குப் புது வருஷம் ஜனவரியில் வருகிறது. சிவகாசிக்கு அது ஆடி மாதமே வந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று அச்சாபீஸ்களில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு வெளியே எடுப்பார்கள். அன்றிலிருந்து ஊர் பாதிக்கு மேல் அடுத்த வருஷத்தில்தான் குடியிருக்கும். ஆப்செட் மெஷினில் ஆபரேட்டராக இருந்த என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அடுத்த தீவாளி சனிக்கெழம வருதுல்ல" என்பார். இந்தத் தீபாவளிக்கே இன்னும் சேலை எடுக்கவில்லை, அதற்கு அடுத்ததைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஜனவரி முதல் தேதி பிறக்கும்போது அந்த மனிதர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் விருதுநகரில் பிறந்தவள். புது வருஷத்துக்கு டைரி வாங்கி, முதல் பக்கத்தில் தீர்மானங்களை எழுதி, பொங்கலுக்குள் மறந்துபோகிற ரகம். கல்யாணத்துக்குப் பிறகு மதுரையில் தங்கிப் படித்து ஒரு சான்றிதழ் வாங்கினேன். யோகாசனமும், கழுத்துவலி முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும்தான் படிப்பு. சிவகாசியில் ஒரு நோட்டுக் கடைக்கு மேல் மாடியில் அறை பிடித்து, 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு வைத்தேன். வசதியான வீட்டுப் பெண்கள் இளைப்பதற்காகக் காரில் வருவார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் வேகமாக வருவார்கள், கல்யாணம் முடிந்ததும் நின்றுவிடுவார்கள். பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருக்கும் நாட்களில் மட்டும் வருவார்கள். மற்ற நாட்களில் நானும் மின்விசிறியும் மட்டும்தான் இருப்போம்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. என் மாமியாருக்கு என் தொழிலே பிடிக்காது. ஊரார் வீட்டுப் பெண்களுக்கு முதுகு தேய்த்துவிட ஒரு படிப்பா என்பது அவர் கட்சி. அவருடைய தம்பி ஒரு அச்சாபீஸில் கணக்குப் பார்த்தார். அங்கே புரூஃப் பார்க்கிற வேலை எனக்காகத் தயாராக இருந்தது. ஃபேனுக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று அத்தை அடிக்கடி சொல்லுவார்.

அந்த ஆடியில் ஒரு நாள் சாப்பிடும்போது அத்தை ஆரம்பித்தார். "ஏத்தா, இந்த ஊர்ல வெத்தலபாக்குக் கடைக்காரன்கூட வருசா வருசம் காலண்டர் போடுறான். உன் கடைக்கு எங்க காலண்டர்? காலண்டர் போடாத கடையெல்லாம் ஒரு கடையா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இந்த வருசம் போடுறேன் அத்தை. அடுத்த ஆடியிலயும் போடுவேன். அப்படிப் போட முடியலேன்னா அறைச் சாவியக் குடுத்துட்டு, ஆவணியில உங்க தம்பி சொன்ன வேலைக்குப் போயிருறேன்" என்றேன். கணவர் தட்டை விட்டு நிமிரவே இல்லை.

முதல் காலண்டரை ரோஷத்தில் யாரும் போட்டுவிடலாம். ஆள் வந்து தொழில் நடந்தால்தான் இரண்டாவது போட முடியும். நான் டைரியில் எழுதிய எந்தத் தீர்மானமும் இதைப்போல் என்னை உறுத்தியதில்லை. அறையில் இன்னொரு கட்டில் போட வேண்டும், கம்பெனிப் பெண்களை வருஷம் முழுக்க வரவழைக்க வேண்டும், அடுத்த ஆடியில் காலண்டருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். பல் விளக்கும்போதுகூட இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் தேர்ந்தெடுப்பதில்தான் சண்டை வந்தது. கணவர் ஆல்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். முருகன், லட்சுமி, பந்தோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை, இருக்கன்குடி மாரியம்மன், அருவி என்று வரிசையாக இருந்தது. நான் என் படிப்புப் புத்தகத்தைத் திறந்து முதுகெலும்புப் படத்தைக் காட்டினேன். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அது நடுவில் இருக்க வேண்டும், கீழே கழுத்துக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் நான்கு பயிற்சிகள் சின்னச் சின்னப் படமாக வர வேண்டும், அதற்குக் கீழே என் நிலையத்தின் பெயர் என்றேன்.

"வருசம் பொறக்கும்போது எலும்புலயா முழிக்கிறது?" என்றார்.

"சாமி படம் போட்டா அம்புட்டுப் பேரும் சாமியத்தான் பாப்பாக. கீழ இருக்கிற என் கடைப் பேர யாரு பாக்கப் போறா? உங்களுக்கு என் தொழில் மேல நம்பிக்கை இல்ல, அதச் சொல்லுங்க முதல்ல."

அவர் முதலாளியிடம் கேட்டு, பெரிய தாளின் ஓரத்தில் மிஞ்சுகிற இடத்தில் என் படத்தைச் சேர்த்துவிட்டார். ஏதோ ஒரு ஜவுளிக்கடை லட்சுமிக்குப் பக்கத்தில் என் எலும்பு அச்சாயிற்று. சாம்பல் நிறத்தில் அச்சடித்தால் சுடுகாட்டு நினைவு வந்துவிடும் என்று எலும்புக்கு நெய் நிறமும், பின்னால் குழந்தைப் படங்களுக்குப் போடுகிற ரோஸ் நிறமும் கொடுத்திருந்தார். "இம்புட்டுதான் என்னால முடிஞ்சது" என்று தாளை விரித்துக் காட்டியபோது, சண்டை போட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

தீபாவளி முடிந்து காலண்டரைக் கொடுக்க ஆரம்பித்தேன். வசதியான வீட்டுப் பெண்கள் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர், "பையன் ரூம்ல மாட்டிருறேன், அவன் சயின்ஸ் குரூப்புல்ல" என்றார். வாங்கிய கையோடு கீழே நோட்டுக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கடைக்காரர் அவற்றைப் பத்திரமாக மாடிக்கு அனுப்பிவைத்தார்.

கம்பெனி மூடியிருந்த அந்த நாட்களில்தான் தாயில்பட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். பட்டாசுக் கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து குனிந்தபடியே வேலை. கழுத்து திரும்பவே திரும்பாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் ஆளே மொத்தமாகத் திரும்பித்தான் பார்ப்பார். என் கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு, "இதுல படுத்தா அழுக்காயிரும் டீச்சர், நான் கீழயே உக்காந்துக்கிறேன்" என்றார். கையைப் பிடித்துத்தான் படுக்கவைத்தேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். எழுந்ததும், தூங்கியதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். போகும்போது தன் தெருவுக்கென்று ஐந்தாறு காலண்டர்களைக் கேட்டு வாங்கி, சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

தை பிறந்தது. கம்பெனிகள் திறந்தன. அறை காலியாகிவிட்டது. அந்த அக்காவும் வரவில்லை. மாசியும் போய்ப் பங்குனி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தெருவில் அம்மன் கோயில் பொங்கல், கட்டாயம் வர வேண்டும் என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். கணவரின் மொபெட்டில் போனோம்.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததுமே என் கண் சுவரில் காலண்டரைத்தான் தேடியது. ஆணியில் இருக்கன்குடி மாரியம்மன் தொங்கிக்கொண்டிருந்தாள். குங்குமம் வைத்துப் பூவும் செருகியிருந்தார்கள். அவளுக்குக் கீழே என் தேதித் தாள்கள், அதற்கும் கீழே என் நிலையத்தின் பெயர். பழைய காலண்டரிலிருந்து அம்மனை வெட்டி, சோற்றுப் பருக்கையால் என் எலும்பின் மேல் ஒட்டியிருந்தார்கள். நான்கு பயிற்சிகளும் அவளுக்குப் பின்னால் போய்விட்டன. கணவரைப் பார்த்தேன். அவர் ஓட்டுக் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். சிரித்திருந்தால் அங்கேயே ஒரு சண்டை நடந்திருக்கும்.

அக்காவுக்கு ஒரு கூச்சமும் இல்லை. "தப்பா எடுத்துக்கிடாதீக டீச்சர். விளக்கேத்துற இடம்லா, எலும்ப எப்படி மாட்டுறது? அதான் ஆத்தாள முன்னால நிறுத்திட்டோம்" என்றார். பிறகு அம்மன் படத்தின் கீழ் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினார். மேல் ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியிருந்தார்கள். உள்ளே என் நெய் நிற முதுகெலும்பு கசங்காமல் இருந்தது. "சாயங்காலம் சோத்த வடிச்சுட்டு ஆத்தாளத் தூக்கிச் சொருகிட்டு, படத்தப் பாத்து நானும் எம் மகளும் செய்வோம். முடிஞ்சதும் ஆத்தாள இறக்கி விட்டுருவோம். இந்தத் தெருவுல காலண்டர் வாங்குன அம்புட்டு வீட்டுலயும் இப்படித்தான். எதுத்த வீட்டுல முருகன ஒட்டியிருக்காக."

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை மட்டும் திருப்பி, "இந்தா வாரேன், இருங்க" என்றார். தோள் அசையவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான் கவனித்தேன். இத்தனை நாள் தொழிலில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை.

திரும்பி வரும் வழியில், வெம்பக்கோட்டையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. காலண்டரைப் பார்த்தே அவர்களுக்குச் சரியாகிவிட்டால் அறைக்கு எதற்கு வரப்போகிறார்கள்? ஆள் வர வேண்டும் என்று நான் அடித்த காலண்டரே ஆளை வரவிடாமல் செய்துவிட்டது. மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து இதைக் கணவரிடம் சொன்னேன். அவருக்கு முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்து முதுகில் ஒரு அடி போட்டேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது அந்த அக்கா ஒன்று கேட்டிருந்தார். "நாலாவது படம் எங்களுக்குச் சரியா வரமாட்டேங்குது டீச்சர். எண்ணெய் தேய்க்கவும் எங்களுக்குத் தெரியாதுல்ல. பஸ் ஏறி வந்து மாடி ஏற ஏது நேரம்? நீங்க ஞாயித்துக்கெழமைக்கு இங்கன வாங்களேன்." அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனேன். அவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தேன், ஒவ்வொருவராகப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்தேன். அவர்களும் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தார்கள். மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தொழில் என்று எனக்கு எண்ணத் தோன்றவில்லை. தொழில் என்றால் மாடி, போர்டு, இரண்டாவது கட்டில் என்றே மனதில் இருந்தது. அந்த மாடி அறை வாரம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

ஆனி கடைசியில் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். போர்டைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டோம். அத்தை ஒரு வார்த்தையும் குத்திச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. ஆடியில் எதையும் தொடங்க மாட்டார்கள் என்பதால் புரூஃப் வேலைக்கு ஆவணி முதல் வாரத்தில் நாள் பார்த்து வைத்தார்கள். நானே வாயால் சொன்ன பந்தயம், யாரைக் குறை சொல்ல முடியும்? பாத்திரம் கழுவும்போது அழுதேன், துணி துவைக்கும்போது அழுதேன். முப்பது வயதில் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் பூஜை முடிந்து கணவர் வந்தார். கையில் சுருட்டிய தாள் ஒன்று இருந்தது. என்னிடம் கொடுக்காமல் நேராக அத்தையிடம் நீட்டினார்.

அத்தை விரித்தார். இருக்கன்குடி மாரியம்மன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாளின் கீழ் ஓரம் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கவே பிடித்துத் தூக்கினார். அடியில் நெய் நிற முதுகெலும்பு.

"ஏலே, இது என்னலே?"

"போன வாரம் தாயில்பட்டியில இருந்து அந்த அக்கா நாலஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு அச்சாபீசுக்கே வந்துட்டாகம்மா. இந்தத் தடவ சோத்துப் பருக்க வேலையெல்லாம் ஆகாது, ஆத்தாளையும் சேத்தே அடிச்சுக் குடுங்கன்னு ஆர்டர் குடுத்துட்டுப் போனாக. அவுக தெருவுக்கு மட்டும் இல்ல, பக்கத்து ஊர்ல இருந்து அவுக கூட வேல பாக்கிறவுகளும் கேக்காகளாம். டீச்சர் எங்க ஊருக்கும் வருவாகளான்னு கேட்டாக." பிறகு என்னைப் பார்க்காமல், தாளின் அடியில் வெள்ளையாக விட்டிருந்த இடத்தைத் தடவினார். "அட்ரஸ் போடுற இடத்தச் சும்மா விட்டிருக்கேன். அறைதான் இல்லையே. நம்ம வீட்டு அட்ரசையே போட்டுருவோமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "நாளையில இருந்து நான் மொத ஷிப்டுக்கு மாத்திக்கிட்டேன். சாயந்தரம் வண்டி சும்மாதான நிக்கி. எந்த ஊருன்னு சொன்னா கொண்டுபோய் விட்டுருவேன்."

அத்தை அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அம்மனை இறக்கினார், மறுபடியும் தூக்கினார்.

"ரெண்டாவது காலண்டர் வந்துருச்சுல்ல" என்றார். "எந் தம்பிகிட்ட வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லிரு." காலண்டரைச் சுருட்டி மகனிடம் கொடுத்துவிட்டு, இடது தோளைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இங்கன ரொம்ப நாளா ஒரு வலி கெடக்கு. படத்துல இருக்கிற மாதிரி நானே செய்யணுமா, இல்ல நீ தேச்சு விடுவியா?"

பாயை விரித்து அவரைப் படுக்கச் சொன்னேன். எண்ணெயைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போனவள், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று அழுதேன். "எண்ண காய ஏத்தா இம்புட்டு நேரம்?" என்று கூடத்திலிருந்து அத்தை கத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன்.