ஒரே நம்பரில் இரண்டு வீடுகள்

அந்த ஆப்பைப் பத்தே நாளில் செய்து முடித்தார்கள். செய்தார்கள் என்று பன்மையில் சொன்னாலும் செய்தது ஒரு பெண்தான். எங்கள் தெருக்காரி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்ததும் தக்கலைக்கே திரும்பி வந்தவள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே தனியாகக் கிடக்கும் வயதானவர்களுக்கு, அவரவர் நோய்க்குத் தகுந்த மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலை அவள் தொடங்கினாள். சமையல் நான். பத்தாம் வகுப்போடு நின்றவள், புது ஆளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்பவள். அடுக்களையில் யாரும் என்னிடம் பேச வரமாட்டார்கள் என்பதற்காகவே இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன்.

முதலில் எல்லாம் ஒரு அட்டையில் இருந்தது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குப் பல் இல்லை என்று நானே எழுதி அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தேன். வீடுகள் கூடியதும் அவளுக்கு அது போதவில்லை.

"அக்கா, வெளிய குடுத்தா ஆறு மாசம் இழுப்பான். நான் ரெடிமேடா கிடைக்கியத எல்லாம் சேத்து வச்சு ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சிருவேன். இப்பம் முக்கியமானது மட்டும் போதும். மிச்சம் எல்லாம் பிறவு."

மடியில் குழந்தை, மேசையில் லேப்டாப். அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். ஒரு வீட்டை எப்படி அடையாளம் வைப்பது என்று கேட்டுவிட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "ஃபோன் நம்பர் போரும். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்."

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நம்ம ஊரில் ஒரு கல்ஃப் நம்பர் எத்தனை வீட்டுக்குச் சோறு போடுகிறது! பெற்ற தாய்க்கு, மாமியாருக்கு, கல்யாணம் ஆகாத அத்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒருத்தன்தான் பணம் கட்டுவான். கேட்கலாம் என்று வாய் திறந்தேன். அவள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். படித்த பிள்ளைக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆப் வந்த அன்று அட்டையைக் கழற்றினாள். "இனி மனசுல வச்சு ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டியளா. லேபிள்ல உள்ளத மட்டும் செய்யுங்க."

அடுத்த திங்கட்கிழமை, இரணியலில் தனியாக இருந்த ஒரு அம்மாவின் லேபிள் மாறியிருந்தது. அவருக்குச் சிறுநீரகம் பழுது. காய்களை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் செய்து அனுப்புவேன். பருப்பு, கீரை, பழம் எதுவும் கிடையாது. அன்று லேபிளில் இருந்தது: 'சாதாரண சாப்பாடு. காரம் இருக்கலாம். ஊறுகாய் கட்டாயம்.' டாக்டர் மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கேட்கப் பயந்து அப்படி நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கேரியர்களை அடுக்கி ஆட்டோவில் அனுப்பிவிட்டு, கிழித்துப் போட்ட லேபிள் தாள்களைப் பொறுக்கும்போது கையில் இரண்டு சேர்ந்து வந்தன. ஒன்று இரணியல். இன்னொன்று அந்த வாரம்தான் சேர்ந்த குழித்துறை வீடு. இரண்டிலும் ஒரே வரி. 'ஊறுகாய் கட்டாயம்.' இரண்டிலும் ஒரே கல்ஃப் நம்பர்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரணியல் அம்மாவின் மகன் குழித்துறையில் இருக்கும் தன் மாமியாருக்கும் சாப்பாடு பதிந்திருக்கிறான். ஆப் விலாசங்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டது. நோய்க் குறிப்பை மட்டும் நம்பரோடு சேர்த்து வைத்ததால், புதியது பழையதை அழித்துவிட்டது. நான்கு நாள். சாம்பார், உள்ளித்தீயல், முருங்கைக்கீரை, இன்று ஏத்தன் வாழைக்காய்த் துவரன். எல்லாம் என் கையால்.

அவளுக்கு ஃபோன் போட்டேன். நாகர்கோவிலில் யாரோ பெரிய ஆட்களிடம் ஆப்பைக் காட்டப் போயிருந்தாள், எடுக்கவில்லை. ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன்.

"இரணியலா? குடுத்தாச்சே அக்கா. அம்மைக்கு இப்பம் நாலு நாளா நல்ல சிரிப்பாக்கும். மின்ன பாதிச் சோறு திரும்பி வரும், இப்பம் கேரியரக் கழுவவே வேண்டாம், அப்பிடி நக்கி வச்சிருக்கு. என்ன மந்திரம் போட்டிய?"

"நீங்க ஒடனே இஞ்ச வாருங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் ஆட்டோவில் ஏறி இரணியலுக்குப் புறப்பட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி கடந்து போகிற நேரத்தில் அந்த அம்மா இன்னொரு வாய் சாப்பிடுவார் என்ற எண்ணம்தான் எனக்கு.

சாப்பாடு வாங்குகிற வீடுகளுக்கு நான் அதுவரை போனதே இல்லை. கதவு சாத்தியிருக்கவில்லை. அம்மா நாற்காலியில் இருந்தார். கேரியரின் மேல்தட்டு மடியில். கால்கள் இரண்டும் நீர்கோத்துப் பளபளத்தன.

"யாருட்டி?"

"சமைக்கியவ அம்மா."

"நீதானா! மின்ன ஒருத்தி சமைச்சா பாரு, சவச்சுத் துப்புன மாதிரி. அவளக் கண்டா செருப்பால அடிக்கணும்."

"அதும் நான்தான் அம்மா."

அவர் சிரித்தார். நான் தட்டைப் பிடித்து இழுத்தேன். "இது உங்களுக்கு உள்ளதில்ல. மாறி வந்துட்டு."

"தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"மொத நாளே தெரிஞ்சிட்டு. எனக்க நாக்குக்குத் தெரியாதா? ரெண்டு வருசம் வெந்நியில ஊறுன காயத் தின்னவளாக்கும் நான். எவளோ தப்பா அனுப்பிட்டா, கெடக்கட்டும்னு தின்னேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "எனக்க மொவன்கிட்ட சொல்லாதட்டி. அவன் வேலையப் போட்டுட்டு ஓடி வந்திருவான்."

சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது. சொன்னால் என் தப்பும் வெளியே வரும். அப்போது அவர் தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனார். விரல்கள் மூடவில்லை. டம்ளர் உருண்டு என் காலடிக்கு வந்தது. "ரெண்டு நாளா கைக்குப் பலமே இல்ல," என்றார், சாதாரணமாக.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேபிளில் இருந்த அந்தக் கல்ஃப் நம்பரை அடித்தேன். வெளிநாட்டுக்கு நான் பேசிய முதல் ஃபோன் அதுதான். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரச் சத்தம்.

"நான் உங்க அம்மைக்குச் சமைக்கிய ஆளு. நாலு நாளா சாப்பாடு மாறிப்போச்சு. உப்பும் பருப்பும் ஏத்தங்காயும் போயிருக்கு. இப்பம் கை பலமில்லாம இருக்கு."

அந்தச் சத்தத்திலிருந்து மகன் விலகி வந்தான். பிறகு, "அம்மையக் கூட்டிட்டுப் போங்க. வழக்கமா காணிக்கிய ஆசுபத்திரிக்கே போங்க. பேசிட்டு நிக்காண்டாம்."

அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "காட்டிக் குடுத்துட்டியே, ஏட்டி." பாதி வழியில் திட்டும் குறைந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "இன்னும் ஏசுங்க அம்மா," என்று கேட்டுக்கொண்டே தோளைப் பிடித்திருந்தேன். ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம் என்றார் டாக்டர். நர்ஸ் என்னிடம், "என்னெல்லாம் சாப்பிட்டாங்க?" என்று கேட்டு எழுதினார். நாள் நாளாக, கறி கறியாகச் சொன்னேன். கோர்ட்டில் நிற்பது இப்படித்தான் இருக்கும்.

சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து அவள் வந்தாள். டயாலிசிஸ் நடக்கிற கதவைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் மூடினாள்.

"சரியாக்கிட்டேன் அக்கா. இவ்வளவுதான் வேல. பத்து நிமிசம்." சொல்லிவிட்டு அழுதாள். "ஒங்களுக்கு மின்னயே தோணலையா?"

தோன்றியது என்று சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா பிழைத்தார். மூன்றாம் நாள் வார்டில் உப்பில்லாத கஞ்சியை நானே ஊட்டப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்பூனை நீட்டியபடி நின்றேன். கஞ்சி ஆறி ஆடை படிந்தது. கை வலித்தது. இறக்கினால் இனி ஒருபோதும் வாய் திறக்கமாட்டாரோ என்று பயந்து இறக்காமல் நின்றேன்.

"பாவி," என்றார் சுவரைப் பார்த்து. பிறகு வாயைத் திறந்தார்.