இருபத்தொரு பாடங்களும் ஒரு கார்ட்டூன் படமும்

மழைக்குப் பயந்து "சொப்பிங் பேக்"கில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்ட போனின் சூடுதான் அந்த மாதங்களை நினைத்ததும் எனக்கு முதலில் வருகிறது. ஈரத் தேயிலைச் செடிகள் உரசி உரசிக் கால்கள் விறைத்துப்போயிருக்க, அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ச்சல் கண்ட நெற்றியைப் போலச் சுடும். தொற்றுநோய் என்று சொல்லிப் பள்ளிக்கூடங்களையெல்லாம் பூட்டிவைத்திருந்த காலம் அது. வட்டகொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்றால் சிக்னல் ஒரு கோடுகூட வராது. மலை உச்சியில் இருந்த பாறைமேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும், மேகம் இறங்கினால் அதுவும் போய்விடும். அந்தப் பாறைக்குப் பிள்ளைகள் நாங்கள் "சிக்னல் கல்லு" என்று பெயர் வைத்திருந்தோம்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன். அதுவும் அக்காவுடையது மாதிரித்தான். அக்கா தர்ஷினி உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு எடுத்திருந்தாள். எங்கள் லயத்திலிருந்து அந்தப் பிரிவுக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். ஹட்டனில் இருந்த அவளுடைய இரசாயனவியல் ஆசிரியர் பாடங்களை வீடியோவாக எடுத்து வகுப்புக் குழுவுக்கு இணைப்பு அனுப்புவார், ஒரு மாதம் போனதும் அவற்றை நீக்கிவிடுவார். இரண்டு கோட்டு வேகத்தில் பாறைமேல் உட்கார்ந்து பாடத்தைப் பார்க்க முடியாது, இரண்டு சொல் பேசுவதற்குள் ஆசிரியரின் வாய் திறந்தபடியே நின்றுவிடும். அதனால் முழுப்பாடத்தையும் போனில் "எறக்கி" வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துதான் பார்ப்பாள். ஒரு பாடம் இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். முக்கால்வாசி இறங்கியபின் நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கிய நாட்களும் உண்டு. மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, "கொழுந்து எடுக்கிற மலையில பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலை, எறங்கு கீழ" என்று விரட்டுவார். அக்கா இறங்குவதுபோல் இறங்கி, அவர் போனதும் மறுபடி ஏறுவாள். கணுக்காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு வீடு திரும்பும் அவளைப் பார்த்து அம்மா, "படிப்பு அந்தப் பாறைமேலயா கெடக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே காயத்துக்கு மஞ்சள் வைப்பாள். அப்படி அக்கா சேர்த்தவை இருபத்தொரு பாடங்கள்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. பாறையிலிருந்து கூட இறங்கும்போது போனைச் சட்டைக்குள் சுமக்க அக்கா விடுவாள்; மற்றபடி அதைத் தொட எனக்குக் கிடைத்ததெல்லாம் அவள் குளிக்கும் நேரம் மட்டும்தான். பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தி கார்ட்டூன் படம் ஒன்றை முழுதாக இறக்கி வைத்திருப்பதாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

மழையில் நனைந்து நனைந்து அக்கா ஒருநாள் காய்ச்சலில் விழுந்தாள். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே போனை என்னிடம் கொடுத்து, "பாப்பா, இந்த ஒரு பாடத்த மட்டும் எறக்கிட்டு வந்துரு. வேற எதுலயும் கை வச்சிராத" என்றாள். அன்றைக்குப் பார்த்து வானம் வெளுத்திருந்தது, மூன்று கோடு வந்தது. அவள் கேட்ட பாடம் மதியத்துக்கு முன்பே இறங்கிவிட்டது. அதற்குப்பிறகு நான் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தேன். இடம் போதாது என்றது போன். பழைய பாடங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அக்கா பார்த்து முடித்தவை; பார்த்து முடித்த ஒன்றை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தேன். அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அந்த வாரம் லயத்துப் பிள்ளைகளெல்லாம் எங்கள் "இஸ்தோப்பில்", வீட்டு முன்விறாந்தையில், நெருக்கியடித்து உட்கார்ந்து படம் பார்த்தார்கள். நான் நடுவில் ராணிபோல் இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

காய்ச்சல் விட்டு எழுந்த அக்கா போனைத் திறந்தாள்.

"பாப்பா, இதுல இருந்த பாடமெல்லாம் எங்க?"

"நீ பாத்து முடிச்சதுதானே அக்கா... அழிச்சிட்டேன்."

அவள் என்னை அடிக்கவில்லை. "பரீட்சைக்குத் திருப்பிப் பாக்க வச்சிருந்தேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. கொப்பியில் குறிப்பு எழுதியிருந்தாள்தான், ஆனால் கணக்குகளைப் படிப்படியாகச் செய்துகாட்டியதெல்லாம் வீடியோவில்தான் இருந்தது. ஆசிரியருக்கு எழுதிக் கேட்டாள். பழையவை தன்னிடமும் இல்லை என்று பதில் வந்தது. ஹட்டனில் இருந்த தோழி ஒருத்தி தன்னிடம் இருந்ததை அனுப்ப, மறுபடி பாறையில் காத்திருந்து, நான்கு பாடங்களைத்தான் அவளால் மீட்க முடிந்தது.

பரீட்சைப் பெறுபேறு வந்தபோது எழுதிய மூன்றில் இரண்டு பாடங்களில் சித்தி, தேறிவிட்டாள்; இரசாயனவியலில் மட்டும் இல்லை. அப்பா சத்தம் போடவில்லை. "படிக்கிறேன் படிக்கிறேன்னு மலை ஏறுனதெல்லாம் படம் எறக்கத்தானா? என் காதாலதான் கேட்டேனே" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து பாயில் பிரிந்திருந்த கோரையை இழுத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை எழுதுகிறேன் என்று அவள் கேட்டதற்கு, "போதும்" என்றார் அப்பா. இரண்டு மாதத்தில் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

பிறகு நான் படித்தேன், அதே விஞ்ஞானப் பிரிவு. உயர்தரத்தில் நான் சித்தியடைந்த அன்று, வாழ்த்த வந்தவர்களிடம் அப்பா பெருமையாக, "மூத்தது போனால கெட்டுச்சு, இது ஒழுங்கா வந்திருச்சு" என்றார். அவர்கள் போனபின் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து மரக்கறித் தோட்டத்துக்குப் போய், மழை வரும்வரை களையில்லாத பாத்தியையே கொத்திக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கோபப்பட்டது எனக்கு விளங்கவில்லை. "எதுக்குடி சொன்ன? அவரு பாட்டுக்கு என்னத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருந்தாரு. இனி தன்னையே திட்டிக்கிட்டுக் கெடப்பாரு. உனக்கு மனசு லேசாச்சா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு?"

இப்போது எதிர்மலையில் சிக்னல் கோபுரம் வந்துவிட்டது. லயத்துப் பிள்ளைகள் கம்பளிக்குள் படுத்தபடியே பாடம் பார்க்கிறார்கள், "எறக்கி வைக்கிறது" என்ற பேச்சே போய்விட்டது. பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைப் புல் மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னிடம் அக்காவைக் கூப்பிடச் சொல்கிறார். திரையில் அவள் முகம் பக்கத்தில் இருப்பதுபோல் தெளிவாக வருகிறது. "சாப்டியாம்மா?" என்கிறார். "சாப்ட்டேன்ப்பா" என்கிறாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை, ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். முன்பென்றால் சிக்னல் போய்விட்டது என்று போனை வைத்துவிடலாம். இப்போது அதற்கும் வழியில்லை.